‘டொட்ஜி’: விளங்காமல் விட்ட ஒரு சொல்லும் நான் கொடுத்த 12½ லட்சமும்

2023 ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, லண்டனில் இருக்கும் என் பெறாமகள் வட்ஸ்அப்பில் எனக்கு ஒரு மெசேஜ் போட்டாள். அவள் எழுதியதை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்: “பிட் டொட்ஜி தட் வன், டி.பி.எச். ஐட் லீவ் இட்.” அடுத்த திங்கட்கிழமை நான் 8 லட்சம் ரூபாயைக் கொண்டுபோய் ஓர் ஏஜென்டின் கையில் கொடுத்தேன். ஆவணியில் இன்னொரு நாலரை லட்சம். “வேண்டாம் சித்தி, அந்த ஆளிடம் காசு கொடுக்காதீர்கள்” என்பதைத்தான் அவள் எழுதியிருந்தாள் என்று எனக்கு விளங்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. வன்னியில் வெளிநாட்டில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. அங்கே பிறந்த பிள்ளைகள் எங்களோடு தமிழில் கதைப்பார்கள், எழுதுவதென்றால் ஆங்கிலம்தான். அதுவும் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் இல்லை, வீட்டிலும் ரோட்டிலும் புழங்குகிற ஆங்கிலம். அதில் ஒரு சொல்லை மட்டும் யாராவது எனக்கு முன்கூட்டியே விளங்கப்படுத்தியிருந்தால் என் மகளுடைய காப்பு இன்றைக்கு வங்கியில் அடகு கிடக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் விசுவமடுப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். கிடைக்கும் கொடுப்பனவு மகளின் ரியூசன் காசுக்கும் அம்மாவின் மருந்துக்கும் போய்விடும். கணவர் 2009க்குப் பிறகு இல்லை. குளத்துக்குக் கீழே ஒரு ஏக்கர் வயல் இருக்கிறது, தம்பிதான் செய்கிறான். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியதோடு அந்தக் காலபோகம் எங்களுக்குக் கைவிட்டுப் போனது. 2022இல் சாமான் விலை ஏறிய விதம் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் ஊரில் எங்கே போனாலும் ‘கெயார் விசா’ கதை. 2022 மாசியில் பிரித்தானியா முதியோர் பராமரிப்பு வேலைக்கும் விசாவைத் திறந்துவிட்டிருந்தது, அது உண்மை. குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்பதும் அப்போது உண்மை. உண்மையான ஒரு வழி இருந்ததால்தான் அதன் பக்கத்தில் கள்ள வழியும் முளைத்தது. மகளுக்கு அப்போது 15 வயது. அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்ற ஒரே நினைப்பில் நான் இருந்தேன்.

ஏஜென்ட் கிளிநொச்சி ரவுனில், ஏ9 வீதிக் கரையில், ஒரு கடைக்கு மேல்மாடியில் கந்தோர் வைத்திருந்தார். எங்கள் பக்கத்து ஆள். என்னைத் ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார். மொத்தம் 35 லட்சம், முதலில் 8, கடிதம் வந்த பிறகு நாலரை, மிச்சம் அங்கே போய் உழைத்துக் கொடுக்கலாம் என்றார். ஆங்கிலப் பரீட்சை எடுக்கத் தேவையில்லை, அதை ‘உள்ளால’ செய்து தருவேன் என்றார். இங்கிலாந்தில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தின் பெயர் போட்ட கடிதத்தைக் காட்டினார். நான் அந்தக் கடிதத்தையும் அவருடைய விசிட்டிங் கார்டையும் படமெடுத்துப் பெறாமகளுக்கு அனுப்பி, இந்த ஆள் எப்படி என்று கொஞ்சம் பார்த்துச் சொல் என்று கேட்டேன். அக்காவிடம் கேட்கவில்லை. வீட்டுக் கூரைக்கும் அம்மாவின் கண் ஒப்பரேசனுக்கும் காசு அனுப்பிய அக்கா. இதைச் சொன்னால் தானே கடன்பட்டு அனுப்புவாள், அல்லது போகவேண்டாம் என்று அழுவாள். இரண்டுமே எனக்கு ஏலாமல் இருந்தது. அதனால் உன் அம்மாவுக்குச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு 19 வயதுப் பிள்ளையிடம் கேட்டேன். அவளுடைய அந்த ஒற்றை மெசேஜைத் தவிர வேறு எந்தப் பாதுகாப்பும் எனக்கு இருக்கவில்லை.

மெசேஜ் வந்ததும் நான் செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் பிழை நடந்த இடம் அதுதான். ‘டொட்ஜி’ என்ற சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை. வீட்டில் இருந்த ஆங்கிலம்-தமிழ் அகராதி பழையது, அதில் ‘டொட்ஜ்’ மட்டும் இருந்தது: விலகித் தப்பு, ஏய்த்து நழுவு. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன், ‘தந்திரமான’ என்று வந்தது. தம்பியிடம் கேட்டேன். அவன் முந்தி நல்ல உதைபந்தாட்டக்காரன். “டொட்ஜ் பண்ணுறது எண்டா அக்கா, ஆளை வெட்டிக்கொண்டு போறது. அப்ப அந்தாள் சுழியன் எண்டு சொல்லுறாள்” என்றான். சுழியன் என்றதும் எனக்குப் பயம் வரவில்லை, தைரியம்தான் வந்தது. எங்கள் ஊரில் கச்சேரியில் ஒரு காரியம் முடிக்க வேண்டுமென்றாலும் சுழியான ஒரு ஆளைத்தானே தேடுவோம். ‘பிட்’ என்றால் கொஞ்சம், ஆகவே ஆள் கொஞ்சம் சுழியன். ‘டி.பி.எச்.’ என்னவென்று தெரியவில்லை, விட்டுவிட்டேன். ‘ஐட் லீவ் இட்’ என்பதை ‘நான் உங்களிடமே விட்டுவிடுகிறேன், நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்’ என்று எடுத்துக்கொண்டேன். ‘தாங்க்ஸ் செல்லம்’ என்று ஒரு இதயத்தோடு பதில் போட்டேன். அவள் கட்டைவிரல் படம் ஒன்று போட்டாள். நான் விட்டுவிட்டேன் என்று அவளும், அவள் சம்மதித்துவிட்டாள் என்று நானும், இரண்டு பேரும் நிம்மதியாக நித்திரைக்குப் போனோம்.

இந்த இடத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ‘டொட்ஜ்’ என்ற வினையிலிருந்துதான் ‘டொட்ஜி’ வந்தது, 1860களிலேயே ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்றைய பொருளுக்குப் போகமுடியாது. ‘டொட்ஜ்’ பண்ணுகிறவன் கெட்டிக்காரனாக இருக்கலாம், விளையாட்டில் அது பாராட்டு. ‘டொட்ஜி’ என்று ஒருவரைச் சொன்னால் அதில் பாராட்டு ஒரு துளியும் இல்லை. நம்பமுடியாத ஆள், நேர்மை இல்லாத ஆள், கிட்டப் போகாதே என்பதுதான் பொருள். எங்கள் அகராதிகள் பேச்சுவழக்குச் சொற்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, எடுத்தாலும் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வைத்துவிட்டுப் போய்விடும். இப்போது நான் செய்வது, ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதியைப் போனில் திறந்து, பொருளைவிட அதற்குக் கீழே கொடுத்திருக்கும் உதாரண வசனங்களை வாசிப்பது. நான்கு வசனத்தை வாசித்தால் அது நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்பது அரைகுறை ஆங்கிலத்திலும் தெரிந்துவிடும். அன்றைக்கு ஐந்து நிமிடம் அதைச் செய்திருந்தால் போதும். மொழிபெயர்க்கும் போன் ஒரு சொல்லை மட்டும் தனியாகக் கொடுத்தால் தடுமாறும், முழு வசனத்தையும் கொடுக்கவேண்டும் என்பதையும் பிறகுதான் படித்தேன்.

‘ஐட்’ என்பதையும் விட்டுவிட முடியாது, என்னை ஏமாற்றியதில் அதற்கும் பங்கு இருக்கிறது. ‘ஐ வுட்’ என்பதன் சுருக்கம் அது. ஆங்கிலேயர் புத்தி சொல்லும்போது ‘செய்யாதே’ என்று முகத்துக்கு நேரே சொல்வது குறைவு. ‘உங்கள் இடத்தில் நான் இருந்தால் விட்டுவிடுவேன்’ என்று தன்மேல் வைத்துச் சொல்வார்கள். அந்த ‘உங்கள் இடத்தில் நான் இருந்தால்’ என்ற பகுதியை வாயால் சொல்லமாட்டார்கள், ‘ஐட்’ என்ற ஒற்றை எழுத்துக்கூட்டில் அது ஒளிந்திருக்கும். ‘ஐட் லீவ் இட்’ என்றால் விடு, தொடாதே. ‘ஐட் பி கெயார்ஃபுல்’ என்றால் நீ கவனமாக இரு. டி.பி.எச். என்பது ‘உண்மையைச் சொல்லப்போனால்’ என்பதன் மூன்று எழுத்து. அதாவது பிள்ளை தன் மனதில் பட்ட உண்மையை மூன்று வழியாலும் சொல்லியிருக்கிறாள்.

காசு போன கதைக்கு வருகிறேன். ஏழு பவுண் நகை, அதில் மகளுடைய காப்பும் சங்கிலியும், எல்லாவற்றையும் வங்கியில் அடகு வைத்து 8 லட்சம் எடுத்தேன். நகையை நிறுக்கிற தராசில் அந்தச் சின்னக் காப்பை வைத்தபோது அடகு எடுக்கும் பிள்ளை என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆவணியில் ஏஜென்ட், கடிதம் வந்துவிட்டது, இப்போது கட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். சீட்டுக் காசு இரண்டரை லட்சம், பால்மாடு இரண்டையும் கன்றோடு விற்ற இரண்டு லட்சம். கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, “தங்கச்சி, எங்களுக்குள்ள என்ன கடதாசி” என்றார். புரட்டாதி முழுக்க இந்தா வருகிறது என்றார், ஐப்பசியில் போன் எடுப்பதை நிறுத்தினார், கார்த்திகையில் நான் போனபோது மேல்மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. கீழே கடைக்காரர், அவர் வாடகையும் தராமல் போய்விட்டார் என்றார். அன்றைக்கு மழை. பஸ்சுக்குக்கூட நிற்காமல் பரந்தன் சந்திவரை நடந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மூன்று கிழமை இரவில் நித்திரை இல்லை, முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது நடுவில் அடி மறந்துபோகும்.

பிறகு அந்தக் கடிதத்தில் இருந்த பராமரிப்பு இல்லத்துக்கு, முன்பள்ளி ரீச்சர் ஒருவரின் உதவியோடு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: அந்தக் கடிதம் தங்களுடையது இல்லை, அப்படி ஒருவரைத் தங்களுக்குத் தெரியாது. ஒரு மின்னஞ்சலால் முடிந்திருக்கும் வேலை. ஆகவே இந்த வழியில் போக நினைப்பவர்கள் காசுக்கு முன்னால் செய்யவேண்டியவற்றை ஒரே மூச்சில் சொல்கிறேன். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதன் உரிமப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம், உரிமம் உள்ள ஏஜென்சிகளின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது, 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பிரித்தானியாவில் வெளிநாட்டு ஆட்களை எடுக்க அனுமதி பெற்ற முதலாளிகளின் பட்டியலை அந்த நாட்டு அரசாங்கமே இணையத்தில் எல்லாரும் பார்க்கப் போட்டிருக்கிறது. அவர்கள் கொடுக்கும் அனுசரணைச் சான்றிதழ் என்பது ஒரு இலக்கம், கணினியில் உள்ள பதிவு. முத்திரை குத்திய வடிவான கடதாசியைக் காட்டி இதுதான் சான்றிதழ் என்றால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள். ஆங்கிலப் பரீட்சை தேவையில்லை என்று சொன்னாலும் அப்படித்தான். இன்னுமொன்று: 2024 பங்குனி (மார்ச்) 11 முதல் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்று ஆக்கிவிட்டார்கள், 2025 ஆடி (ஜூலை) 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் ஊரில் யாராவது கெயார் விசா என்று வந்தால் அது முழுப் பொய்.

பொலிசிலும் பணியகத்திலும் முறைப்பாடு கொடுத்தேன். பற்றுச்சீட்டு இல்லாததால் அலைச்சல் கூட. பதினொரு தடவை போய் வந்தேன், ஒவ்வொரு முறையும் அரைநாள் லீவு. கடைசியில் ஏஜென்டின் சொந்தக்காரர் ஒருவர் மூலம் ஒன்றரை லட்சம் திரும்பி வந்தது. மிச்சம் இன்றுவரை இல்லை.

2024 ஆடிக் கடைசியில் அக்காவும் பெறாமகளும் லீவுக்கு வந்து மூன்று கிழமை எங்களோடு நின்றார்கள். அக்காவுக்கு அப்போதும் ஒன்றும் தெரியாது. வந்த இரண்டாம் நாள் பெறாமகள் தன் போனைச் சார்ஜ் போடப் போனாள். விறாந்தையில் நாங்கள் பாவிக்கும் இழுவை வயர், ஒரு பக்கம் ரேப் சுற்றி, குத்துகிற இடம் கொஞ்சம் கருகி இருக்கும். அதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டு, “சித்தி, இது டொட்ஜி” என்றாள். எனக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. வயர் எப்படிச் சுழியாக இருக்கும்? ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமை தம்பி முல்லைத்தீவில் இருந்து இறால் வாங்கி வந்தான். அடுத்தநாள் மத்தியானம் பிள்ளை சாப்பாட்டுக்கு வராமல் படுத்திருந்தாள். என்னவென்று கேட்க, வயிற்றைத் தடவிக்கொண்டு “டம்மி அ பிட் டொட்ஜி” என்றாள். அம்மா மல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தார். எனக்கு மட்டும் அந்தச் சொல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. வயரும் டொட்ஜி, வயிறும் டொட்ஜி, ஏஜென்டும் டொட்ஜி.

முடிச்சு அவிழ்ந்தது வற்றாப்பளை அம்மன் கோவிலில். வானில் போனோம். தம்பி இறங்கும்போது வலதுகாலை முதலில் வைத்து, கதவைப் பிடித்து, மெதுவாக மற்றக் காலை எடுத்தான். 2009இல் சுதந்திரபுரத்தில் ஷெல் துண்டு பட்ட முழங்கால். பெறாமகள் என் காதுக்குள் கேட்டாள்: “சித்தி, மாமான்ர முழங்கால் டொட்ஜியோ?” எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அகராதியில் நான் பார்த்தது ஏய்ப்பு என்றல்லவா? மாமா நொண்டுவது போல் நடிக்கிறார் என்று சொல்கிறாளோ என்று நினைத்து, “அப்பிடிச் சொல்லக் கூடாது, மாமா பட்ட பாடு உனக்குத் தெரியாது” என்று கோவில் வாசலிலேயே அதட்டிவிட்டேன். பிள்ளை வெலவெலத்துப் போனாள். கண் கலங்கி, தமிழில் சொல் தேடித் தேடிச் சொன்னாள்: “இல்ல சித்தி, டொட்ஜி எண்டா... சரியில்ல. பழுது மாதிரி. நம்பேலாது. மாமாக்கு அந்தக் கால நம்பி நிக்கேலாது, அதைத்தான் கேட்டனான்.”

நம்பேலாது. அந்தச் சொல்லைத்தான் நான் ஒரு வருடமாகத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறேன். நம்பிக் கையால் தொடமுடியாத வயர், நம்பிச் சாப்பாடு போடமுடியாத வயிறு, நம்பி நிற்கமுடியாத கால். எல்லாம் ஒரே சொல். நான் அம்மனுக்கு முன்னால் நின்றேனே ஒழியக் கும்பிடவில்லை. அன்றிரவு எல்லாரும் படுத்த பிறகு அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் என் போனில் அந்தப் பழைய மெசேஜை எடுத்துக் காட்டி, இதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். அவள் வாசித்துவிட்டு, “அந்தாள் சரியில்ல, விடுங்கோ எண்டு சொன்னனான் தானே சித்தி” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “நீங்க காசு குடுத்தனீங்களோ?” எவ்வளவு என்று சொன்னேன். அவள் கிணற்றுக்கட்டில் இருந்து அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன். தமிழில் எழுதியிருக்கலாம், போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. அவளுக்குத் தெரிந்த மொழியில் தெளிவாகச் சொன்னாள். திருப்பிக் கேட்காமல் விட்டது நான். ஆங்கிலம் விளங்கவில்லை என்று அக்காவின் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குத்தான் இப்போதும் வட்டி கட்டுகிறேன்.

அதற்குப் பிறகு இந்தச் சொல்லைப் பற்றி நான் யோசிக்காத நாள் குறைவு. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எங்களிடம் இதற்குச் சரிநேர் சொல் ஒன்று உண்டு: ‘ஒரு மாதிரி’. வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்போம். கறி ஒரு மாதிரி மணக்கிறது என்போம். மோட்டார்சைக்கிள் சத்தம் ஒரு மாதிரி, வானம் ஒரு மாதிரி, அந்த ஆள் ஒரு மாதிரி. எந்த இடத்திலும் என்ன பிழை என்று சொல்லாமல், பிழை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடும் சொல். வன்னியில் ஒரு பெண்ணைப் பார்த்து ‘அந்தாள் ஒரு மாதிரி, பார்த்து நட’ என்று சொன்னால் அவளுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அந்த மெசேஜில் ‘ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி சித்தி’ என்று இருந்திருந்தால் நான் அந்த மேல்மாடிப் படியில் கால் வைத்திருக்கவே மாட்டேன். ‘கொஞ்சம்’ என்பதும் அப்படித்தான். ‘ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி’ என்றால் எங்களில் யாரும் அதைச் சின்னக் குறை என்று எடுப்பதில்லை, வாய் மரியாதைக்குப் போட்ட கொஞ்சம் அது. ஆங்கிலேயரின் ‘அ பிட்’டும் அதே மரியாதைதான். ‘அ பிட் டொட்ஜி’ என்று ஒரு லண்டன் பிள்ளை சொன்னால் முழுதாகவே டொட்ஜி என்று எடுங்கள். நான் அந்தப் ‘பிட்’டைத் தராசில் வைத்து நிறுத்ததுதான் பிழை.

எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தால் பொருள் பிடிபடும். சாமானோடு வந்தால் பழுது, உடையப் போகிறது, தொட்டால் ஆபத்து. சாப்பாட்டோடு வந்தால் பழுதாகிவிட்டது, சாப்பிடாதே. உடம்போடு வந்தால் சுகமில்லை, அதில் குற்றச்சாட்டு இல்லை, நான் பிள்ளையை அதட்டியதுபோல் அதட்டாதீர்கள். ஒரு இடத்தையோ தெருவையோ சொன்னால் இரவில் தனியாகப் போகாதே. ஆளோடும் காசோடும் கடதாசியோடும் வந்தால் மட்டும் அது எங்களுடைய ‘சுத்துமாத்து’. 2003 மாசியில் பிரித்தானிய அரசாங்கம் ஈராக் பற்றி வெளியிட்ட அறிக்கையில் பெரும்பகுதி வேறு இடத்திலிருந்து பார்த்து எழுதியது என்று தெரியவந்தபோது, அங்குள்ளவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரே ‘டொட்ஜி டொசியே’, அதாவது சுத்துமாத்துக் கோவை. ஒரு நாட்டு அரசாங்கத்தின் கடதாசிக்கே பொருந்துகிற சொல்லை நான் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்திருக்கிறேன். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற உங்கள் பிள்ளைகள்தான் இந்தச் சொல்லைக் கூடுதலாகப் பாவிப்பார்கள். அமெரிக்கா, கனடா பக்கமென்றால் ‘ஸ்கெட்சி’ அல்லது ‘ஷேடி’ என்று வரும். ‘இஃபி’, ‘ஃபிஷி’ என்பவையும் கிட்டத்தட்ட இதே சாதி. எதிர்ச்சொல் ‘லெஜிட்’, உண்மையானது. அந்த ஏஜென்டின் விசிட்டிங் கார்டிலேயே ‘100% லெஜிட்’ என்று அச்சடித்திருந்தது.

நீங்கள் இதைப் பாவிப்பதென்றால் கவனம் வேண்டும். இது வாய்ப்பேச்சுச் சொல். வேலை விண்ணப்பத்திலோ முறைப்பாட்டுக் கடிதத்திலோ எழுதக்கூடாது. நான் பணியகத்துக்கு எழுதிய ஆங்கில முறைப்பாட்டில் கோபத்தில் போட்டேன், பார்த்துத் திருத்திய ரீச்சர் வெட்டிவிட்டு ‘மோசடி’ என்பதற்கான முறையான சொல்லைப் போட்டார். அவர் சொன்ன வித்தியாசம் எனக்குப் பிடித்தது: மோசடி என்றால் கையில் ஆதாரம் இருக்கவேண்டும், டொட்ஜி என்றால் ஆதாரம் இல்லை, மனதுக்குப் படுகிறது. அதனால்தான் பெறாமகளும் அந்தச் சொல்லைப் போட்டாள். அவளுக்கும் அப்போது உறுதியாகத் தெரியாது. கடிதத்தில் எழுத்துப்பிழைகள் இருந்தன, மின்னஞ்சல் முகவரி இலவச முகவரி, அவ்வளவுதான் அவள் கண்டது. காசு கொடுக்க முதல் எங்களுக்குக் கிடைக்கக்கூடியதும் அவ்வளவுதான். ஆதாரம் வருவது காசு போன பிறகு.

இப்போது எனக்கும் அவளுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முக்கியமான விசயத்துக்கு எழுத்து இல்லை, குரலில்தான், அவளுக்குத் தெரிந்த உடைந்த தமிழில். அவள் எழுதியது எனக்கு விளங்காவிட்டால் ‘விளங்கேல்ல’ என்று உடனே போடுவேன். காசு சம்பந்தப்பட்டால் ஆள் எப்படி என்று கேட்பதில்லை. “நீயெண்டால் இந்தக் காசைக் குடுப்பியோ, மாட்டியோ?” என்று கேட்பேன். ஓம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றுதான் பதில். வெளிநாட்டில் இருக்கிற பெற்றோர் யாராவது இதை வாசித்தால், உங்கள் பிள்ளைகளுக்கு ‘குடுக்க வேண்டாம்’ என்ற இரண்டு சொல்லையாவது சொல்லிக் கொடுத்து வையுங்கள். ஊரில் சித்தியோ மாமியோ எதையாவது அனுப்பிக் கேட்டால் அந்த இரண்டு சொல்லே போதும்.

ஏழு பவுணில் மூன்றை மீட்டுவிட்டேன். மகளின் காப்பு இன்னும் அங்கேதான்.

போன மாதம் பக்கத்து வளவு அக்கா ஒரு படிவத்தோடு வந்தார். மகனைக் கனடாவுக்கு அனுப்ப ஒருவர் 10 லட்சம் முற்பணம் கேட்கிறாராம், கடனுக்கு நான் பிணை நிற்கவேண்டும். நான் கையெழுத்துப் போடவில்லை, கடிதத்தைக் காட்டச் சொல்லிப் படமெடுத்து லண்டனுக்கு அனுப்பினேன். தேத்தண்ணி போட்டு முடிய ஏழு செக்கன் குரல் ஒன்று வந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் போனை வைத்துப் போட்டுக் காட்டினேன்: “சித்தி, அந்தாள் ஒரு மாதிரி. குடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.” அக்கா இன்னொருதரம் போடச் சொன்னார். மூன்றாம் தரமும் கேட்டார். பிறகு படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.